எஸ்தர் அக்கா கடையின் ஒரு கிலோ கல்

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்த அன்று, என்னைவிட இருபது வயது சின்னவர்கள் கேக் வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். பிறகு ஒருத்தி கேட்டாள், தாம்பரம் பக்கமெல்லாம் முன்னாடி எப்படி இருந்தது மேடம், எழுதிக் கொடுங்களேன், சங்க மலரில் போடலாம் என்று. சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்குத் தாம்பரம் தெரியாது. யார் எந்த மனையை யாரிடம் வாங்கினார்கள், எந்த ஏரி எப்போது தெருவாயிற்று, ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு தெருவும் எதை, எந்தக் கல்லால் நிறுத்தது என்பது மட்டும் தெரியும்.

நான் எடையளவு ஆய்வாளராக இருந்தவள். கடைக்காரர்கள் வாயில் ‘முத்திரை மேடம்’. கடைகளின் தராசு, எடைக்கல், லிட்டர் குவளை, மீட்டர் கோல் எல்லாவற்றையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், இல்லாவிட்டால் பிடுங்கிக்கொண்டு வருவதும் வேலை. நாங்கள் எழுதி வந்த பதிவேட்டில் ஊர் வேறு மாதிரி வளர்ந்தது. இரும்புலியூரில் வயல் மனையானபோது முதலில் வந்தது ஹார்டுவேர் கடை, கம்பியும் ஆணியும் நிறுக்கும் பெரிய தராசோடு. வீடுகள் எழும்பியதும் விறகுக்கடை, இருபது கிலோ கல். அப்புறம் மளிகை, மண்ணெண்ணெய்க் குவளை, பால்காரரின் அரைக்கால் லிட்டர். காஸ் சிலிண்டர் வந்தது, விறகுக்கடையின் கல் பதிவேட்டிலிருந்து உதிர்ந்தது. பாக்கெட் பால் வந்தது, குவளை உதிர்ந்தது. கோழிக்கடை வந்தது. பிள்ளைகள் வளர்ந்து கல்யாண வயதுக்கு வந்ததும், பார், அதே வரிசையில் மில்லிகிராம் தராசோடு ஒரு நகைக்கடை. கடைசியாக நான் நாவலூரில் வேலை பார்த்தபோது எல்லாம் மின்தராசின் பச்சை எண்களாகிவிட்டன. அந்த எண்கள் நடுங்குவதில்லை. இரும்புக் கல் காலத்தில் தராசு முள் நடுங்கும், அதோடு சேர்ந்து எதிரே நிற்கிற ஆளும் நடுங்குவார். ஒரு தடவை நானும் நடுங்கினேன். அதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. மற்றதெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விதிகளை மனப்பாடம் செய்தேன், பரீட்சை எழுதினேன், பாதியை மறந்தேன். வேலை கற்றது தணிகாசலம் சாரிடம். அவர்தான் எனக்கு மேல் ஆய்வாளர். மெலிந்தவர், குரல் உயராது. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அவருடைய முதல் வாக்கியம், “ஃபேனை நிறுத்துங்க.” காற்று பட்டால் தராசு தன் வார்த்தையில் நிற்காது என்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் வைப்பார். தட்டில் கல்லை வைத்த பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மனசுக்குள் இருபது எண்ணுவார். உதடு மட்டும் அசையும். இருபது முடியாமல் முள்ளைப் பார்க்கக்கூடாது. எந்தக் கடையிலும் டீ குடிக்க மாட்டார். தண்ணீர்கூடப் பாட்டிலில் வீட்டிலிருந்து வரும்.

ஆனால் கல் நெஞ்சக்காரர் இல்லை. திருநீர்மலை அடிவாரத்தில் ஒரு பூக்கார அம்மாவிடம், முழக்கணக்கு சட்டத்தில் இல்லை, மீட்டர் கோல் வைக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். அந்த அம்மா முழங்கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, “அப்ப இந்தக் கைய இன்னா பண்ணட்டும் சார்? இதுலயே ஒரு முத்திரை குத்திட்டுப் போ” என்றார். சார் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு படியேறிவிட்டார்.

எங்களிடம் ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே சிவப்பு வெல்வெட் குழிகளில் அரசு கொடுத்த பித்தளை எடைகள், ஒவ்வொன்றின் தலையிலும் பிடித்துத் தூக்க ஒரு குமிழ். ஸ்டாண்டர்டு என்போம். அதை வைத்துத்தான் கடைக்காரரின் கல்லைச் சோதிப்போம். விரலால் தொடக்கூடாது, மென்தோலால் பிடித்துத் தூக்க வேண்டும். தினமும் கிளம்புவதற்கு முன் சார் ஒரு காரியம் செய்வார். இரண்டு அரைக் கிலோ ஸ்டாண்டர்டை ஒரு தட்டிலும் ஒரு கிலோ ஸ்டாண்டர்டை மறு தட்டிலும் வைத்து, ஒன்றுக்கு எதிராக ஒன்றைச் சாட்சி சொல்ல வைப்பார். கால் மணி நேர வேலை. ஊரைச் சோதிக்கப் போறவங்க முதல்ல தன்னைச் சோதிச்சுக்கணும் என்பது மாதிரி எதுவும் சொல்ல மாட்டார். செய்வார், பெட்டியை மூடுவார், அவ்வளவுதான்.

நான் சேர்ந்த ஆண்டு ஆயுத பூஜை வந்தது. அலுவலகத்தில் தராசுகளுக்கும் முத்திரை அச்சுகளுக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வைப்பார்கள். ஸ்டாண்டர்டு பெட்டிக்கு மட்டும் பெட்டியின் மேலேயே பொட்டு. திறக்கக்கூடாது என்று சார் சொல்லியிருந்தார். என் அப்பா குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். பூஜையன்று மைக்ரோமீட்டரைக்கூட வெளியே எடுத்துப் பொட்டு வைத்துப் படையலில் அமர்த்துவார். ஆயுதம் உள்ளே கிடக்க உறைக்கு மட்டும் பொட்டா? எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லோரும் பொரி பங்கு போட்டுக்கொண்டிருந்தபோது பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு எடைக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்தேன். வரிசையாக, நெற்றி நிறைந்த குழந்தைகள் மாதிரி, அவ்வளவு அழகாக இருந்தன. கற்பூரம் காட்டியதும் மென்தோலால் நன்றாகத் துடைத்து, குழிகளில் படுக்க வைத்து மூடிவிட்டேன். யாருக்கும் தெரியாது.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை. சாருக்குக் காய்ச்சல். முதல் தடவையாகத் தனியாக இரும்புலியூர் போகிறேன். கையில் பெட்டி, உடன் தராசு தூக்க ஓர் உதவியாளர். நேரமாகிவிட்டது என்று அந்தக் கால் மணி நேரச் சாட்சியத்தைத் தாண்டிவிட்டேன். என்ன ஆகிவிடப்போகிறது?

ஆறு கடைகள் ஒழுங்காகத் தேறின. ஏழாவது எஸ்தர் அக்காவின் மளிகைக்கடை. கணவர் இறந்த பிறகு தனியாக நடத்திக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தொடும் வயது, கண்ணாடி, வெளுத்த காட்டன் புடவை. சுவரில் ஒரு பைபிள் வசனக் காலண்டர். பக்கத்துத் தெருவில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்று இருந்தது. அதற்கு மாதச் சாமான் இவர் கடையிலிருந்துதான்.

ஃபேனை நிறுத்தச் சொன்னேன். சார் குரல் என் வாயில் வந்ததில் ஒரு சந்தோஷம். இரண்டு கிலோ சரி. அரைக் கிலோ சரி. ஒரு கிலோக் கல்லை வைத்தேன். இருபது எண்ணினேன். அவருடைய கல் இருந்த தட்டு மேலே நின்றது.

குறைவு. மயிரிழைதான், ஆனால் குறைவு. புதுக் கல் எப்போதும் ஒரு துளி கூடுதலாகவே வார்க்கப்பட்டு வரும், வருஷக்கணக்கில் தேயும். கூடுதலைச் சட்டம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். குறைவுக்கு அது தரும் இடம் மிகச் சிறியது.

“இன்னொரு தடவை போட்டுப் பாருங்க மேடம்” என்றார் அக்கா. “அது ஒரு தடவைகூட தோத்தது இல்ல.”

மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் தோற்றது. கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள், விடுதிச் சமையல்கார மல்லிகா உட்பட. கல்லைக் கவிழ்த்து, அடியில் ஈயக் குழியில் இருந்த பழைய முத்திரையை உளியால் சிதைத்தேன். கைப்பற்றியதற்குச் சீட்டு எழுதினேன். சாட்சிக் கையெழுத்து வேண்டும். யாரும் முன்னால் வரவில்லை. மல்லிகாதான் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“கண்ணால பாத்தத போடறதுக்கு இன்னா பயம்” என்று எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு அக்காவைப் பார்த்து, “ஏன்கா, எம்மா நாளா இப்டி?” என்று கேட்டாள். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்தது, என்மேல் இல்லை, தன்மேலேயே. ஒருவேளை உண்மையாகவே இத்தனை நாள் குறைத்துத்தான் கொடுத்துவிட்டோமோ என்று.

வியாழக்கிழமை அவர் அலுவலகத்துக்கு வந்தார். பெஞ்சில் நுனியில் உட்கார்ந்தார். விடுதி வார்டன், வழக்கு முடியும்வரை சாமான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மாதப் பட்டியல் வர வேண்டிய வாரம், வரவில்லை. அடுத்த வாரத்துக்குள் வேறு கடையில் ஏற்பாடு செய்துவிடுவார்களாம். “தெருவுல வாங்கறவங்க வாங்கிட்டுதான் இருக்காங்க. ஆனா விடுதிதான்மா என் கடை. அது போனா கதவ சாத்திட வேண்டியதுதான்” என்றார். சீக்கிரம் முடித்துக் கொடுக்க வழி உண்டா என்று கேட்டார். கோப்பு மேலே போக வேண்டும், பிறகு கோர்ட் என்று விதியை ஒப்பித்தேன். தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை காலை. சார் இன்னும் வரவில்லை. என்னவோ உறுத்தியது. பெட்டியைத் திறந்தேன். ஒரு தட்டில் இரண்டு அரைக் கிலோ. மறு தட்டில் ஒரு கிலோ. இருபது எண்ணினேன்.

ஒரு கிலோ கீழே போயிற்று.

மறுபடி வைத்தேன். மறுபடியும் போயிற்று. எடையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, பித்தளை பித்தளையாகத்தான் மின்னியது. பிறகுதான் குமிழுக்குக் கீழே, கழுத்து மாதிரி ஒடுங்கும் இடத்தில், விளக்குமாற்றுக் குச்சியால் நெருடிப் பார்த்தேன். துணுக்காக ஒன்று உதிர்ந்தது. காய்ந்த சந்தனம். பித்தளையின் அதே நிறம், அதனால்தான் கண்ணில் படவில்லை. முகர்ந்தேன். எங்கள் வீட்டுப் பூஜையறை வாசனை.

அக்காவின் கல் குறைவில்லை. என் கல்தான் கூடுதல். மற்ற கடைகளின் கல் புதிது, கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் தப்பித்தன. அவருடையது தேய்ந்து தேய்ந்து மிகச் சரியான ஒரு கிலோவில் வந்து நின்றிருந்தது. அந்தத் தெருவிலேயே துல்லியமான கல்லைத்தான் நான் உளியால் குத்தியிருக்கிறேன்.

மேசை மேல் காகிதத்தில் அந்தத் துணுக்கு. ஜன்னல் திறந்திருந்தது. ஊதினால் போயிற்று. இனிமேல் எல்லாம் சரியாக இருக்கும், ஒருவரைத் தவிர எல்லோருக்கும். எனக்கு இன்னும் பணி நிரந்தரமாகவில்லை. பெட்டியைத் திறந்தது மேலதிகாரி உத்தரவை மீறியது. வீட்டில் நான் ஒருத்திதான் சம்பளம். இதையெல்லாம் நினைத்தேன், நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சார் படியேறும் செருப்புச் சத்தம் கேட்டது. காகிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் அழுகை வந்தது.

சார் திட்டவில்லை. கடிகாரத்தைக் கழற்றினார். சந்தனத் துணுக்கைச் சின்னத் தராசில் வைத்து எடை பார்த்து, ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அரைக் கிராமுக்குச் சற்று மேல். பிறகு அலமாரியிலிருந்து அக்காவின் கல்லை எடுத்து, சுத்தமான ஸ்டாண்டர்டுக்கு எதிரே வைத்தார். உதடு அசைந்தது. முள் நடுவில் நின்றது, ஆணி அடித்த மாதிரி.

“திங்கட்கிழமை போவோம்” என்றார். “எந்த இடத்துல எடுத்தீங்களோ அந்த இடத்துலயே வைக்கணும். கூட்டம் இருக்கற நேரமா பார்த்து. நானும் வரேன். ஆனா பேச வேண்டியது நீங்க.”

போனோம். காலை ஒன்பது மணி, கடை நிறைய ஆள். அக்கா ஒரு கிலோவுக்குப் பதில் இரண்டு அரைக் கிலோக் கல்லைச் சேர்த்து வைத்து நிறுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. வந்திருந்தவர்களுக்கெல்லாம் கட்டிக் கொடுத்த பிறகுதான் நிமிர்ந்தார். அவர்களும் போகவில்லை, வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். வேறெங்கோ வாங்கிய கறிவேப்பிலையோடு தெருவில் போன மல்லிகாவும் வந்து நின்றாள்.

சார் ஃபேனை நிறுத்தச் சொன்னார். நான் தராசை மாட்டினேன். என் ஸ்டாண்டர்டை ஒரு தட்டில், அக்காவின் கல்லை மறு தட்டில். இருபது எண்ணினேன். கடையே எண்ணியது. முள் நடுவில் நின்றது.

“இவங்க கல்லு சரியாத்தான் இருந்தது” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சார் பக்கத்திலிருந்து, “சத்தமா” என்றார். மறுபடி சொன்னேன். ஆயுத பூஜைக்கு அரசாங்கக் கல்லுக்கு நான் பொட்டு வைத்ததையும், சந்தனம் ஒட்டிக்கொண்டதையும், அதைப் பார்க்காமல் வந்ததையும் சொன்னேன். பின்னால் யாரோ, “சாமி கும்பிட்டு கேஸ் போட்ருக்காங்கபா” என்றார்கள். சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்ந்து.

சிரிக்காதவள் மல்லிகா ஒருத்திதான். “அப்ப நான் கையெழுத்து போட்டது பொய்யா?” என்றாள். “கண்ணால பாத்தன்னு போட்டேன். வார்டனம்மா கைலயும் நாந்தான் சொன்னேன். இப்ப நான் போயி இல்லன்னு சொன்னா நம்புமா? எழுதிக் குடும்மா நீ.”

சாரைப் பார்த்தேன். எழுதிக் கொடுத்தால் அது எனக்கு எதிரான ஆவணம். அவர் சுவர்க் காலண்டரில் வசனம் படித்துக்கொண்டிருந்தார். அக்காவின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து எழுதினேன். எஸ்தர் அம்மாள் கடையின் ஒரு கிலோ எடை சரியானது, தவறு என் சோதனை எடையில் இருந்தது, அதற்கு நானே பொறுப்பு. கையெழுத்து. சார் பேனாவை வாங்கி, கீழே ‘என் முன்னிலையில்’ என்று எழுதித் தானும் கையெழுத்திட்டார்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை வாய்விட்டுப் படித்தார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. ஒருமுறை தமக்காக மெல்லவும் படித்தார். பிறகு மல்லிகாவிடம், “உனக்கு என்னடி வேணும்?” என்று கேட்டார்.

“கடுகு, நூறு.”

அக்கா நூறு கிராம் நிறுத்தார். என் கையெழுத்துத் தாளைக் கூம்பாகச் சுருட்டி, அதில் கடுகைக் கொட்டி, மேலே மடித்து நூல் சுற்றினார்.

“இன்னாக்கா, இதுலயா கட்றே?”

“கையில குடுத்தா வழியில கதை பேசி எங்கயாவது விட்டுருவ. கடுகோட குடுத்தா பத்திரமா போகும். வார்டன் முன்னாடி வெச்சுப் பிரி.”

மல்லிகா பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். சார் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. ஈயத்தைத் திருத்தி, புது முத்திரை குத்திக் கல்லைக் கொடுத்தோம். அக்கா வாங்கி வைத்துக்கொண்டார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கவும் கூடாது.

அலுவலகத்தில் சார் அறிக்கை எழுதினார். அரசுக் கோப்பில் ‘சந்தனம்’ என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். எனக்குப் பணி நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அந்த ஆறு மாதமும் நான் தூங்கிய மாதிரி அதற்குப் பிறகு தூங்கியதில்லை.

ஆனால் கல்லைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கே பார்த்த ஒன்று உண்டு. மதியம் தெருவின் மறு முனையில் வேலையை முடித்துவிட்டு, பஸ் ஏற அந்தக் கடை வழியாகத்தான் திரும்ப வேண்டும். எனக்குத் தலை நிமிரவில்லை, வேகமாகத் தாண்டிவிடலாம் என்று நடந்தேன். அக்காவே கூப்பிட்டார். கல்லாப்பெட்டியின் மேல் ஒரு கசங்கிய தாளை நீவி விரித்து வைத்திருந்தார். என் கையெழுத்து. மடிப்பில் இரண்டு கடுகு ஒட்டியிருந்தது. அவர் அதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுக்க வார்டனின் எழுத்தில் மாதச் சாமான் பட்டியல்: துவரம்பருப்பு, உளுந்து, புளி, எண்ணெய், எல்லாம் பத்தும் இருபதுமாக. அடியில், ஒரு கிலோ என்று இருந்தது காய்ந்த மிளகாய் மட்டும்.

பருப்பு மூட்டை பக்கத்திலேயே பிரித்துக் கிடந்தது. அக்கா அதைத் தொடவில்லை. அந்த ஒரு கிலோக் கல்லை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, மிளகாயை முதலில் நிறுத்தார்.